எண்ணிக்கை யாருடையது?

சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக ஒரு லேப் அசைன்மெண்ட் உண்டு. மாணவர் விவரத் தொகுப்பு ஒன்றை சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுத வேண்டும். பெயர், ரோல் நம்பர், வகுப்பு, டிவிஷன், பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, முகவரி, தொலைபேசி, டிரைவிங் லைசென்ஸ் நம்பர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதோடு விட்டால் பரவாயில்லை. கன்ஸ்ட்ரக்டர், காப்பி கன்ஸ்ட்ரக்டர், டிஸ்ட்ரக்டர், ஸ்டாடிக் மெம்பர் ஃபங்ஷன், ஃப்ரெண்ட் கிளாஸ், திஸ் பாயின்டர், இன்லைன், நியூ, டெலீட், எக்ஸெப்ஷன் என்று பாடத்தில் வரும் அத்தனையையும் அந்த ஒரே புரோகிராமுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். கேள்வியை வாசித்து முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கும்.

புனேயின் கோத்ரூடில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன் ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை. ஒவ்வொரு பேட்ச் வரும்போதும் இந்த அசைன்மெண்டும் கூடவே வந்துவிடும். நம் ஊரில் ரெக்கார்டு நோட்டு, இங்கே ஜர்னல். பெரும்பாலும் சீனியரின் ஜர்னலைப் பார்த்து எழுதியதுதான். எல்லா ஜர்னலிலும் ஸ்டாடிக் என்ற சொல் வருவது ஒரே இடத்தில்: கவுண்ட் என்று ஒரு வேரியபிள், அதைத் திரையில் காட்ட ஒரு ஃபங்ஷன். "இது ஏன் ஸ்டாடிக்?" என்று கேட்டால், "அசைன்மெண்ட்ல கேட்டிருக்காங்க மேடம்" என்பார்கள். நேர்மையான பதில். ஓரல் தேர்வில் எடுபடாது.

மாணவர் என்று ஒரு கிளாஸ் எழுதுகிறோம் என்றால், ஒரு மாணவரைப் பற்றி என்னென்ன விவரம் வைத்துக்கொள்ள வேண்டும், அவற்றைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்று வரையறுக்கிறோம். அந்த வரையறைப்படி உருவாகும் ஒவ்வொரு மாணவரும் ஒரு ஆப்ஜெக்ட். ரோல் நம்பர் 12-க்கு ஓ பாசிட்டிவ் என்றால் 13-க்கு ஏ நெகட்டிவாக இருக்கலாம். அவரவர் விவரம் அவரவரிடம். ஆனால் மொத்தம் எத்தனை மாணவர்கள் என்ற எண்ணை எங்கே வைப்பது? 12-இடம் வைத்தால் 13-க்குத் தெரியாது. எல்லோரிடமும் ஒரு பிரதி வைத்தால், புதிதாக ஒருவர் சேரும்போதெல்லாம் அத்தனை பேரிடமும் போய்த் திருத்த வேண்டும். அந்த எண் எந்த ஒரு மாணவருக்கும் சொந்தமில்லை, மாணவர் என்ற கிளாஸுக்கே சொந்தம். இந்தச் சொந்தத்தை எழுதி வைக்கத்தான் ஸ்டாடிக்.

எங்கள் சொசைட்டியில் படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் போர்டு இருக்கிறது. வீட்டுக்கு ஒரு மீட்டர். பக்கத்திலேயே லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்குமாகப் பொது மீட்டர் ஒன்று. இருபது குடும்பம் வந்தாலும் இரண்டு குடும்பம் வந்தாலும் பொது மீட்டர் ஒன்றுதான். ஒருவர்கூடக் குடிவராத நாளிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்டை ஓட்டிக் காட்டித்தானே பில்டர் வீட்டை விற்றார்? வாட்ச்மேனிடம் போய் பொது மீட்டரில் எத்தனை யூனிட் என்று கேட்டால் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். வீட்டு மீட்டரில் எத்தனை என்று கேட்டால், "எந்த வீடு?" என்று திருப்பிக் கேட்பார். ஸ்டாடிக் வேரியபிள் அந்தப் பொது மீட்டர். ஸ்டாடிக் ஃபங்ஷன் அந்த வாட்ச்மேன். பொதுவில் இருப்பதை அவரால் சொல்ல முடியும். ஒருவருடையதைச் சொல்ல, யாரென்று நாம் சொல்ல வேண்டும்.

மெமரியிலும் இப்படித்தான். அறுபது மாணவர் ஆப்ஜெக்ட் உருவானால் பெயருக்கு அறுபது இடம், ரோல் நம்பருக்கு அறுபது இடம். கவுண்டுக்கு ஒரே இடம், அதுவும் எந்த ஆப்ஜெக்டுக்குள்ளும் சேராமல் தனியே. ஓர் ஆப்ஜெக்டின் அளவை சைஸ்ஆஃப் போட்டுப் பார்த்தால் கவுண்ட் அதில் வராது. சி பிளஸ் பிளஸில் இன்னொரு வழக்கம் உண்டு. கிளாஸுக்குள் கவுண்ட் என்று எழுதுவது வெறும் அறிவிப்பு. கிளாஸுக்கு வெளியே இன்னொரு வரி எழுதித்தான் அதற்கு இடம் தர வேண்டும். அந்த வரியை விட்டுவிட்டால் கம்பைலர் வாயே திறக்காது. பின்னால் வரும் லிங்கர்தான் 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்று நிறுத்தும். பிள்ளைகள் கம்பைலர் காட்டாத பிழையைக் கிளாஸுக்குள்ளேயே அரை மணி நேரம் தேடிக்கொண்டிருப்பார்கள். சி பிளஸ் பிளஸ் 17-லிருந்து, இன்லைன் என்ற சொல்லைச் சேர்த்து அதைக் கிளாஸுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம்.

ஃபங்ஷன் விஷயம் இன்னும் சுவாரசியமானது. ரோல் நம்பர் 12-ஐக் குறிப்பிட்டு ஒரு சாதாரண மெம்பர் ஃபங்ஷனை அழைக்கும்போது, நாம் எழுதாத ஒரு தகவலையும் கம்பைலர் சேர்த்து அனுப்புகிறது: அந்த ஆப்ஜெக்ட் மெமரியில் எங்கே இருக்கிறது என்பதை. அதுதான் திஸ். ஃபங்ஷனுக்குள் 'பெயர்' என்று எழுதினால் 'திஸ் காட்டும் ஆளின் பெயர்' என்று அர்த்தம். ஸ்டாடிக் ஃபங்ஷனுக்கு இந்த திஸ் கிடையாது. அதனால்தான் அதற்குள் 'பெயர்' என்று எழுதினால் கம்பைலர் மறுக்கிறது. ஓரலில் கேட்பார்கள், ஸ்டாடிக் ஃபங்ஷன் விர்ச்சுவலாக இருக்க முடியுமா என்று. முடியாது. விர்ச்சுவல் என்றால், கையில் இருக்கும் ஆப்ஜெக்ட் எந்த வகை என்று பார்த்து, ஓடும் நேரத்தில் ஃபங்ஷனைத் தேர்ந்தெடுப்பது. இங்கே பார்க்க ஆப்ஜெக்டே இல்லையே.

பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் 'சி வித் கிளாஸஸ்' என்று தொடங்கியதுதான் பிறகு சி பிளஸ் பிளஸ் ஆனது. ஸ்டாடிக் வேரியபிள் அதில் முன்பே வந்துவிட்டது. ஸ்டாடிக் மெம்பர் ஃபங்ஷன் 1989-ல், 2.0 வெளியீட்டில்தான் வந்தது. அதுவரை என்ன செய்தார்கள்? ஆப்ஜெக்ட் எதுவும் தேவைப்படாத ஃபங்ஷனை அழைக்க, பூஜ்யத்தை எடுத்து, 'இதுதான் என் ஆப்ஜெக்டின் முகவரி' என்று பொய் சொல்லி அழைத்தார்கள். ஃபங்ஷன் அந்த முகவரியைத் தொடாதவரை தப்பித்தார்கள். இந்தத் தில்லாலங்கடி வேலையைப் பார்த்துத்தான் முறையான வழி ஒன்றை மொழிக்குள்ளேயே வைத்தார் ஸ்ட்ரூஸ்ட்ரப்.

வகுப்பில் கட்கியிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். தாத்தா வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். மற்றவர்களுக்கு நான் மேடம், அவனுக்கு அக்கா. ஒருநாள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

"அக்கா, கவுண்ட் மைனஸ்ல போகுது."

"எத்தனை பேரைச் சேர்த்தே?"

"ரெண்டே பேர். கடைசியில மைனஸ் ரெண்டுன்னு நிக்குது."

ஆப்ஜெக்ட் பிறக்கும்போது கன்ஸ்ட்ரக்டரில் கவுண்டை ஒன்று கூட்டியிருந்தான். ஆப்ஜெக்ட் அழியும்போது டிஸ்ட்ரக்டரில் ஒன்று குறைத்து, அப்போதைய எண்ணை அச்சிடவும் செய்திருந்தான். எல்லாம் சரி. நடுவில் காட்டு என்று ஒரு தனி ஃபங்ஷன். மாணவரை அதற்குள் அனுப்பினால் விவரங்களைத் திரையில் போடும். கோளாறு அங்கே இருந்தது. ரெஃபரன்ஸாக அனுப்பாமல் அப்படியே அனுப்பியிருந்தான். அப்படி அனுப்பினால் சி பிளஸ் பிளஸ் அந்த மாணவரை நகல் எடுத்து நகலைத்தான் அனுப்பும். நகல் எடுப்பது காப்பி கன்ஸ்ட்ரக்டரின் வேலை. அவன் அதை எழுதவில்லை. கம்பைலரே ஒன்றைச் செய்துகொண்டது. கம்பைலர் செய்ததற்குக் கவுண்டைக் கூட்ட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ஆக நகல் பிறந்தது கணக்கில் ஏறவில்லை. காட்டு முடிந்ததும் நகல் அழிந்தது. டிஸ்ட்ரக்டர் கடமை தவறாமல் ஒன்றைக் குறைத்தது. இரண்டு ஒன்றானது. அடுத்த மாணவரைக் காட்டியதும் ஒன்று பூஜ்யமானது. புரோகிராம் முடியும்போது உண்மையான இரண்டு பேரும் அழிந்தார்கள்: மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு.

"அப்ப காப்பி கன்ஸ்ட்ரக்டரைச் சும்மா கேக்கலையா அக்கா?" என்றான்.

சும்மா கேட்கவில்லைதான். அந்த நீளமான கேள்வியில் காப்பி கன்ஸ்ட்ரக்டர், டிஸ்ட்ரக்டர், ஸ்டாடிக் மூன்றும் அடுத்தடுத்து நிற்பதற்கு நியாயம் இருக்கிறது. காப்பி கன்ஸ்ட்ரக்டரிலும் கவுண்டைக் கூட்டினான், கணக்கு நேரானது. ஆனால் அப்போதும் எனக்கு ஓர் உறுத்தல். காட்டு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கவுண்டைப் பார்த்தால் மூன்று என்று இருக்கும். கல்லூரியில் இருப்பதோ இரண்டு பேர். அவன் எண்ணியது மாணவர்களை இல்லை, ஆப்ஜெக்டுகளை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜாவா படிக்கிறவர்கள் ஸ்டாடிக்கை முதல் நாளே சந்தித்துவிடுகிறார்கள். 1995-ல் அந்த மொழி வெளிவந்ததிலிருந்து முதல் புரோகிராமே 'பப்ளிக் ஸ்டாடிக் வாய்ட் மெயின்' என்றுதான் தொடங்கும். "இப்போதைக்கு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பிறகு புரியும்" என்று இரண்டு தலைமுறை ஆசிரியர்கள் சொல்லியாகிவிட்டது. காரணம் எளிது: புரோகிராம் தொடங்கும் நொடியில் ஆப்ஜெக்ட் எதுவும் இருக்காது. முதல் ஆப்ஜெக்டை உருவாக்கவே ஏதாவது ஒரு ஃபங்ஷன் ஓட வேண்டும். ஆப்ஜெக்ட் இல்லாமல் ஓடக்கூடியது ஸ்டாடிக் ஃபங்ஷன் மட்டும்தான், அதனால் மெயின் ஸ்டாடிக். 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-ல் இந்தக் கட்டாயம் போய்விட்டது. மெயினை ஸ்டாடிக் இல்லாமலே எழுதலாம். தேவையான ஆப்ஜெக்டை ஜாவாவே உருவாக்கிக்கொள்ளும். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு நல்லதுதான். எனக்குச் சின்ன வருத்தம், முதல் நாளிலேயே ஒரு நல்ல கேள்வி கையைவிட்டுப் போகிறதே என்று.

இதுவரை சொன்னதில் 'ஒன்றே ஒன்று' என்ற வார்த்தையை நான் தாராளமாகப் புழங்கிவிட்டேன். ஸ்டாடிக் என்றால் ஒன்றே ஒன்று. எதற்குள் ஒன்று? கல்லூரி லேப்பில் இந்தக் கேள்வி எழாது. வேலைக்குப் போனதும் எழும்.

அட்மிஷன் போர்ட்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடுத்த ரோல் நம்பர் என்பதை ஸ்டாடிக் வேரியபிளாக வைத்திருக்கிறோம். அதில் இப்போது 41. ஒரே நேரத்தில் இரண்டு விண்ணப்பங்கள் வருகின்றன. சர்வர் இரண்டையும் இரண்டு திரெட்களில் ஒரே சமயத்தில் ஓட்டும். 'ஒன்று கூட்டு' என்பது பார்வைக்கு ஒரு வரி. உள்ளே மூன்று வேலை. எண்ணைப் படி, ஒன்று சேர், திரும்ப எழுது. முதல் திரெட் 41-ஐப் படிக்கிறது. அது எழுதுவதற்குள் இரண்டாவதும் 41-ஐப் படித்துவிடுகிறது. இரண்டும் 42 என்று எழுதுகின்றன. இரண்டு மாணவர்கள், ஒரே ரோல் நம்பர். சோதனை செய்யும்போது இது தலைகாட்டாது. அட்மிஷன் கடைசி நாள் ராத்திரி கட்டாயம் காட்டும். பூட்டுப் போடலாம், அல்லது 2004-ல் வந்த ஜாவா 5 முதல் கிடைக்கும் அட்டாமிக்இன்டிஜரைப் பயன்படுத்தலாம். மூன்று வேலையும் பிரிக்க முடியாத ஒன்றாகிவிடும்.

இதைவிடக் கமுக்கமான ஆள் ஜாவாவின் சிம்பிள்டேட்ஃபார்மேட். தேதியைப் படிக்கவும் எழுதவும் பயன்படும் ஆப்ஜெக்ட் அது. ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குவானேன் என்று சிக்கனம் பார்த்து, ஒன்றை மட்டும் ஸ்டாடிக்காக வைத்துக்கொள்வார்கள். அது வேலை செய்யும்போது உள்ளே ஒரு காலண்டரில் கிறுக்கிக்கொண்டே போகும். இரண்டு திரெட்கள் ஒன்றாக நுழைந்தால் ஒருவர் கிறுக்கியதை மற்றவர் படிப்பார். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், வாடிக்கையாளர் ஒருவரின் பிறந்த தேதி அடுத்தவர் பெயரில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. எல்லா நாளும் இல்லை, கூட்டம் அதிகமான நாளில் மட்டும். டேட்டாபேஸைத் திட்டினார்கள், நெட்வொர்க்கைத் திட்டினார்கள். குற்றவாளி ஸ்டாடிக் என்ற ஒரு சொல். 2014-ல் ஜாவா 8 கொண்டுவந்த டேட்டைம்ஃபார்மேட்டர் உருவான பிறகு தன்னை மாற்றிக்கொள்வதே இல்லை. அதை எத்தனை பேர் பகிர்ந்தாலும் பயமில்லை.

இனி எதிர்ப்பக்கச் சிக்கல். போர்ட்டலுக்குக் கூட்டம் கூடுகிறது, நான்கு சர்வர்களில் ஓட்டுகிறார்கள். 'ஒன்றே ஒன்று' என்று எழுதிய ஸ்டாடிக் இப்போது நான்கு இடத்தில் இருக்கிறது. நான்கும் தனித்தனியே எண்ணுகின்றன. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினால் நான்கும் பழையபடி ஆரம்ப எண்ணுக்குப் போய்விடும், ஏனென்றால் ஸ்டாடிக் டிஸ்கில் எழுதப்படுவதில்லை. அதன் எல்லை ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு புரோகிராம். அந்த ஓட்டம் முடிந்தால் அதுவும் முடிந்தது.

இந்த எல்லையை இதே ஊரில் முப்பது வருஷத்துக்கு முன்பே நேருக்கு நேர் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கா தன் கிரே சூப்பர்கம்ப்யூட்டரை இந்தியாவுக்குத் தரத் தயங்கிய காலம். 1988-ல் சி-டாக் நிறுவனம் புனேயில் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமை. 1991-ல் பரம் 8000 சூப்பர்கம்ப்யூட்டர் தயாரானது. பிரம்மாண்டமான ஒற்றைப் பிராசசரை அவர்கள் செய்யவில்லை. பிரிட்டனின் இன்மாஸ் கம்பெனி செய்த டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளைக் கூட்டமாகக் கோத்தார்கள். ஒவ்வொரு டிரான்ஸ்பியூட்டருக்கும் சொந்த மெமரி. பக்கத்தில் இருப்பவற்றோடு பேச நான்கு இணைப்புகள். எல்லோரும் எட்டிப் பார்க்கும் பொது மெமரி கிடையாது. ஒரே புரோகிராமை எல்லாச் சில்லுகளிலும் ஏற்றினால், அதில் இருக்கும் ஸ்டாடிக் வேரியபிள் சில்லுக்கு ஒன்றாகிவிடும். ஒன்றில் மாற்றியது மற்றதற்குத் தெரிய வேண்டுமானால் செய்தியாக எழுதி அனுப்ப வேண்டும். டிரான்ஸ்பியூட்டருக்கென்றே உருவான 'ஆக்கம்' (occam) என்ற மொழி இன்னும் கறார்: அக்கம்பக்கமாக ஓடும் இரண்டு பகுதிகளில் ஒன்று எழுதும் வேரியபிளை மற்றது தொட்டால் கம்பைலரே ஏற்காது. 41, 42 குழப்பம் அங்கே பிறக்கவே வழியில்லை. சி-டாக் அப்போது இயங்கியது கணேஷ்கிண்டில் உள்ள புனே பல்கலைக்கழக வளாகத்தில். அதே பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள்தான் இன்று ஸ்டாடிக் கவுண்டை ஜர்னலில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

என் கட்சி இதுதான்: மாறாத ஸ்டாடிக் நல்லது, மாறும் ஸ்டாடிக் கடன் மாதிரி. வர்க்கமூலம் கணக்கிடும் ஃபங்ஷன் ஸ்டாடிக்காக இருப்பதில் என்ன தப்பு? எண்ணைக் கொடுத்தால் விடையைத் தருகிறது. எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் எங்கிருந்தும் யாரும் மாற்றக்கூடிய ஒரு ஸ்டாடிக் வேரியபிள் இருந்தால், ஒரு ஃபங்ஷனைச் சோதித்துப் பார்க்கக்கூட அதற்கு முன்னால் என்னென்ன ஓடியது என்று விசாரிக்க வேண்டியிருக்கும். கோட்லின் மொழியை வகுத்தவர்கள் ஸ்டாடிக் என்ற சொல்லையே வைக்கவில்லை. கிளாஸோடு கூடவே வாழும் துணை ஆப்ஜெக்ட் ஒன்றைக் கொடுத்து அதில் வைத்துக்கொள் என்றார்கள். பெயர் மாறினாலும் மாறும் எண்ணை அதில் போட்டால் வம்பு அதே வம்புதான்.

கட்கிப் பையனின் புரோகிராமுக்கு வருகிறேன். மாணவர் எத்தனை பேர் என்று மாணவருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அது தெரிய வேண்டியது பதிவேட்டுக்கு. பதிவேடு என்று இன்னொரு கிளாஸ் எழுதச் சொன்னேன். சேர்க்கும்போது கூட்டும், நீக்கும்போது குறைக்கும். எத்தனை நகல் பிறந்து அழிந்தாலும் எண்ணிக்கை அசையாது. ஏ டிவிஷனுக்கு ஒரு பதிவேடு, பி டிவிஷனுக்கு ஒரு பதிவேடு என்று இரண்டு ஆப்ஜெக்ட் உருவாக்கினால் இரண்டுக்கும் தனித்தனி எண். ஸ்டாடிக் கவுண்டால் இது முடியாது. கவுண்ட் சாதாரண வேரியபிள் ஆகிவிட்டது.

"அப்ப ஸ்டாடிக் எங்க அக்கா? அது இல்லாட்டி மார்க் போட மாட்டாங்க."

அசைன்மெண்டிலேயே அதற்கு இடம் இருக்கிறது, ரத்தப் பிரிவு. ஒருவர் 'எக்ஸ் பாசிட்டிவ்' என்று தட்டிவிட்டால்? சரியா தப்பா என்று சோதிக்க ஒரு ஃபங்ஷன் வேண்டும். அதை மாணவர் ஆப்ஜெக்ட் உருவாவதற்கு முன்பே அழைக்க வேண்டும். தப்பான ரத்தத்தோடு ஒருவரை உருவாக்கிவிட்டுப் பிறகு அழிப்பானேன்? ஆப்ஜெக்ட் இல்லாமல் அழைக்க வேண்டுமென்றால் அது ஸ்டாடிக். ஒப்பிட்டுப் பார்க்க எட்டுப் பிரிவுகளின் பட்டியல் வேண்டும். அறுபது மாணவருக்கும் அதே எட்டு; யாரும் அதை மாற்றப்போவதில்லை. அது மாறாத ஸ்டாடிக்.

எழுதி முடித்தான். பக்கத்தில் இருந்த மராட்டிப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மேடம், பாம்பே பிளட் குரூப்?"

1952-ல் மும்பையில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் அவர் குழுவினரும் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன அரிய பிரிவு அது. அந்தப் பிரிவுக்காரர்களுக்கு ஓ பிரிவு ரத்தம்கூடச் சேராது. எட்டில் அது இல்லை. பையன் பட்டியலில் ஒன்பதாவதாக ஒரு வரி சேர்த்து மறுபடி கம்பைல் செய்தான். வேறெங்கும் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.